போத்தலுக்குள் உருகிய சலவைச் சோடா

திருகோணமலை நகருக்கு வெளியேயுள்ள பாடசாலையொன்றில் இரசாயன ஆய்வுகூடத்தை அண்மையில் பொறுப்பேற்ற ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருடைய அலுமாரியில் நீரேற்றிய சோடியம் காபனேற்று (சலவைச் சோடா) என்று பெயர் ஒட்டிய இரண்டு போத்தல்கள் இருந்திருக்கின்றன. மூடி தளர்ந்திருந்த ஒன்றில் கண்ணாடி போன்ற பளிங்குகளைக் காணவில்லை. வெள்ளை மா மட்டுமே இருந்தது. இறுக மூடியிருந்த மற்றதிலோ அடியில் வெள்ளைக் கட்டியும் அதன்மேல் இரண்டு விரற்கடை தண்ணீரும் நின்றன. ஓகஸ்ட் விடுமுறை முடிந்து அறையைத் திறந்தபோது கண்ட காட்சி. தண்ணீர் எங்கிருந்து வந்தது, இரண்டும் பழுதாகிவிட்டனவா, உயர்தர மாணவரின் நியமிப்புக்கு, அதாவது தெரிந்த செறிவுள்ள கரைசலைக் கொண்டு இன்னொன்றின் செறிவை அளக்கும் செய்முறைக்கு, இவற்றைப் பயன்படுத்தலாமா என்பனவே அவருடைய ஐயங்கள்.

முதலில் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். கூரை ஒழுகவில்லை, தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. அந்த நீர் முழுவதும் பளிங்குக்குள் இருந்த நீரே. ஒரு போத்தலில் அது காற்றோடு போய்விட்டது, மற்றதில் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிட்டது. இரண்டிலும் சோடியம் காபனேற்று அப்படியே இருக்கிறது. ஆனால் போத்தலில் ஒட்டியுள்ள பெயர் இப்போது இரண்டுக்கும் பொருந்தாது, நியமிப்பில் சிக்கல் வருவதும் அதனால்தான்.

கடையில் சலவைச் சோடா என்று வாங்கும் பளிங்குகளில் சோடியம் காபனேற்று ஒரு மூலுக்குப் பத்து மூல் நீர் உண்டு. இதைப் பத்து நீரேற்று என்பர்; ஒரு மூல் நீர் மட்டும் இருந்தால் அது ஒற்றை நீரேற்று. மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் நிறை, 286 கிராம். அதில் உப்பு 106 கிராம் மட்டுமே, எஞ்சிய 180 கிராமும் நீர். அதாவது நூறு கிராம் பளிங்கை நிறுத்து வாங்குபவர் உண்மையில் 37 கிராம் சோடாவையும் 63 கிராம் தண்ணீரையும் வாங்குகிறார். தொட்டால் உலர்ந்திருக்கும் ஒரு கட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதை மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை. ஒரு கட்டியைச் சோதனைக் குழாயிலிட்டு மெல்லச் சூடாக்கி, குழாயின் வாய்ப்பக்கத்தில் துளிகள் திரண்டு வழிவதைக் காட்டிய பிறகுதான் நம்புவார்கள்.

இந்தப் பத்து மூலக்கூறு நீரும் பளிங்கின் இடுக்குகளில் தற்செயலாகச் சிக்கிக்கொண்டவை அல்ல. ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகி வடிவில் சூழ்கின்றன. அத்தகைய இரண்டு எண்முகிகள் ஒரு விளிம்பைப் பகிர்ந்து இணையாக நிற்கின்றன. ஆறும் ஆறும் பன்னிரண்டு, பகிர்ந்த இரண்டைக் கழித்தால் பத்து. காபனேற்று அயனுக்குச் சோடியத்துடன் நேரடித் தொடுகையே இல்லை. அது நீர் மூலக்கூறுகளின் ஐதரசன் பிணைப்புகளால் மட்டும் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. நீரற்ற சோடியம் காபனேற்று 851 பாகை செல்சியசில் உருக, இந்தப் பளிங்கு 32 பாகையிலேயே ஆட்டங்காண்பது ஏன் என்பதற்கு இந்தக் கட்டமைப்பே விடை. அயன்களை அயன்கள் பற்றிநிற்கும் உறுதியான சுவர் அங்கே. நீரைச் சாந்தாகக் கொண்டு எழுப்பிய சுவர் இங்கே. அடர்த்தியிலும் (கன சென்ரிமீற்றருக்குக் கிராமில்) இந்த வேறுபாடு தெரிகிறது: நீரற்றது 2.54, ஒற்றை நீரேற்று 2.25, பத்து நீரேற்று 1.46.

இனி மூடி தளர்ந்த போத்தலுக்கு வருவோம். ஒவ்வொரு நீரேற்றும் ஒரு குறித்த வெப்பநிலையில் தனக்கென ஓர் ஆவியமுக்கத்தைக் கொண்டிருக்கும். சுற்றியுள்ள காற்றிலுள்ள நீராவியின் அமுக்கம் அதைவிடக் குறைந்தால் பளிங்கு நீரை இழக்கத் தொடங்கும். பளபளப்பு மங்கி, விளிம்புகளில் வெள்ளை படர்ந்து, கடைசியில் முழுவதும் மாவாக உதிரும். சுவரில் உப்புப் பூப்பது என்று வீட்டில் சொல்கிறோமே, அதே சொல்லால் இதையும் பூத்தல் என்கிறோம். பத்து மூலக்கூறுகளில் ஒன்பது போய் ஒன்று எஞ்சும்போது பூத்தல் நின்றுவிடும்; அந்தக் கடைசி ஒன்றை வெளியேற்ற நூறு பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். எனவே உங்கள் தளர்ந்த போத்தலிலுள்ள மா பெரும்பாலும் ஒற்றை நீரேற்று, மூலர்த் திணிவு 124.

திருகோணமலையில் இது நிகழும் காலத்தையும் சொல்லிவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது சூடேறி உலர்ந்து வருகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். காயப்போட்ட துணி அரை மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகும் அந்த நாட்களில் சலவைச் சோடாவும் காய்கிறது. மாரியில், வாடைக் காற்றோடு மழை வரும் மார்கழியில், அதே பளிங்கைத் திறந்த தட்டில் வைத்தாலும் பல நாட்கள் கண்ணாடிபோல் இருக்கும்; நீரற்ற தூளோ அக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கட்டிபட்டுவிடும். குளிர்நாட்டுப் பாடநூல்கள் "காற்றில் வைத்தால் பூக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எந்தக் காற்றில், எந்த மாதத்தில் என்பதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூடிய போத்தலில் நடந்தது இதைவிடச் சுவையானது. பத்து நீரேற்று 32 பாகை வரையில்தான் உறுதியானது. அதற்கு மேல் 35.4 பாகை வரை ஏழு நீரேற்றும், அதையும் தாண்டினால் ஒற்றை நீரேற்றும் உறுதியான வடிவங்கள். இரசாயன அட்டவணைகளில் உருகுநிலை 34 பாகை என்று போட்டிருப்பதைக் காண்பீர்கள். ஆனால் பனிக்கட்டி உருகுவதுபோன்ற உருகல் அல்ல இது. பத்து நீரேற்றிலுள்ள 106 கிராம் உப்புக்கு 180 கிராம் நீர் என்றால், நூறு கிராம் நீருக்கு ஏறத்தாழ 59 கிராம் உப்பு. சோடியம் காபனேற்றின் கரைதிறனோ எந்த வெப்பநிலையிலும் நூறு கிராம் நீருக்கு ஏறத்தாழ 50 கிராமைத் தாண்டுவதில்லை. ஆகவே பளிங்கு குலைந்து தன் நீர் முழுவதையும் விட்டாலும், அந்த நீரால் தன் உப்பு முழுவதையும் கரைத்துக்கொள்ள இயலாது. 35.4 பாகைக்குச் சற்று மேல் கணக்கிட்டுப் பார்த்தால் உப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஒற்றை நீரேற்றாகத் திண்மமாகவே எஞ்சுகிறது. அது கரைசலைவிட அடர்த்தி கூடியது, அடியில் படிகிறது. மேலே நிரம்பிய கரைசல் நிற்கிறது. நீங்கள் கண்ட வெள்ளைக் கட்டியும் தண்ணீரும் இவையே. மேலே நின்றது வெறும் தண்ணீர் என்று எண்ணி ஊற்றிவிடாதீர்கள். போத்தலிலுள்ள சோடாவின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கக்கூடும்.

திருகோணமலையில் மே தொடக்கம் ஓகஸ்ட் வரை பகல் வெப்பநிலை 34, 35 பாகையைத் தொடுவது வழக்கம். விடுமுறைக்குப் பூட்டிய அறையில், கூரைக்கு அண்மையிலுள்ள மேல்தட்டில், அதற்கும் கூட. கோடையில் கைபடாமல் உருகிய ஒரு போத்தலுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மாணவர்களுக்குக் காட்ட விரும்பினால் அடுப்பும் வேண்டாம். நல்ல பளிங்குகள் சிலவற்றைச் சிறிய போத்தலிலிட்டு இறுக மூடி, 40 பாகையளவு வெந்நீருள்ள வாளியில் அமிழ்த்திவையுங்கள். கன்னியா வெந்நீரூற்றுகளுக்குப் போய்வந்த எவருக்கும் அந்தச் சூடு பழக்கமானது. அங்குள்ள ஏழு கிணறுகளின் நீரும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கிறது. சில நிமிடங்களில் பளிங்கின் கூர்முனைகள் மழுங்கி, அடியில் பால்போன்ற ஒரு படிவு தோன்றி, அதன்மேல் நீர்மம் ஏறிவருவதைக் காணலாம். குளிக்கும் சூட்டில் ஓர் உப்பு உருகுவதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

குளிரவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா என்பது இயல்பான அடுத்த கேள்வி. சமநிலை விதிப்படி ஆகவேண்டும், போத்தலில் ஆவதில்லை. அடியில் படிந்த திண்மம் மேலுள்ள நீரை மீண்டும் பெறவேண்டும், ஆனால் குளிரும் கரைசலிலிருந்து முதலில் பத்து நீரேற்றுப் பளிங்குகள் தோன்றி அந்தப் படிவை ஓடுபோல் மூடிவிடுகின்றன. உள்ளே அகப்பட்டது உள்ளேயே. இரண்டு மூன்று முறை பகலில் உருகி இரவில் உறைந்த போத்தலில் மேற்பகுதி நீர் மிகுந்ததாகவும் அடிப்பகுதி நீர் குறைந்ததாகவும் பிரிந்துவிடும். கரண்டியை எவ்வளவு ஆழத்துக்கு விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே போத்தலிலிருந்து வெவ்வேறு உப்பு வரும்.

இதே குணத்தால் ஒரு வீடே குளிரில் உறைந்த கதையுண்டு. சோடியம் சல்பேற்றின் பத்து நீரேற்றான கிளோபர் உப்பு 32.4 பாகையில் இவ்வாறே குலைகிறது. குலையும்போது பெருமளவு வெப்பத்தை உள்வாங்கி, மீளும்போது வெளியிடும். 1948இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள டோவர் என்ற ஊரில், மரியா தெல்க்கஸ் என்ற விஞ்ஞானி, பகல் வெயிலைக் கிளோபர் உப்பில் சேமித்து இரவில் வீட்டைச் சூடாக்கும் அமைப்பொன்றை உருவாக்கினார். முதலிரு குளிர்காலங்கள் நன்றாகவே போயின. அதன்பின் உப்பு படிவும் கரைசலுமாகப் பிரிந்து, வெப்பத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டது. உங்கள் அலுமாரியில் நடந்ததும் அதுவே, சிறிய அளவில்.

எல்லா நீரேற்றிய சோடியம் உப்பும் இப்படித்தான் என்று கொள்ளவேண்டாம். அதே தட்டில் ஐப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேற்று ஐந்து நீரேற்று இருந்தால் அது எந்தச் சேதமுமின்றி இருந்திருக்கும். அதன் உருகுநிலை 48 பாகை. உருகினாலும் தன் நீரிலேயே முழுவதும் கரைந்து தெளிந்த நீர்மமாகிவிடும், குளிர்ந்த பிறகும் ஒரு வித்துப் பளிங்கு விழும்வரை உறையாமல் நிற்கும்.

கரைதிறனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் பளிங்குகளை மீளப் பெற முயல்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். நூறு கிராம் நீரில் நீரற்ற உப்பாகக் கணக்கிட்டால் 0 பாகையில் 7 கிராமும், 20 பாகையில் 21.5 கிராமும், 30 பாகையில் ஏறத்தாழ 40 கிராமும் கரையும். 35 பாகைக்குச் சற்று மேலே உச்சத்தைத் தொட்டபின், சூடாக்கச் சூடாக்கக் கரைதிறன் மெல்லக் குறைந்து, நூறு பாகையில் 45 கிராமளவில் நிற்கிறது. வரைபில் இது வளைகோடாக இல்லாமல் முறிந்த கோடாகத் தெரியும். முறியும் இடத்தில் கரைசலுடன் சமநிலையிலுள்ள திண்மம் வேறொன்றாக மாறுகிறது. இதன் பலன் என்னவென்றால், நண்பகலில் திறந்த தட்டில் கரைசலை வற்றவைத்து நீங்கள் பெறுவது கண்ணாடிப் பளிங்காக இராது, மணல்போன்ற ஒற்றை நீரேற்றாகவே இருக்கும். கண்ணாடிப் பளிங்கு வேண்டுமானால் இளஞ்சூட்டில் நிரம்பிய கரைசலை வடிகட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். விடியற்காலையில் விரலளவு நீளத்தில் ஒளி ஊடுருவும் பளிங்குகள் கிடைக்கும். அவற்றை உடனே ஒற்றித் துடைத்து மூடுங்கள். மேசைமீது வைத்துவிட்டுத் தேநீர் குடித்துவர நேரமில்லை.

பத்து நீரேற்றும் நீரற்றதும் கரையும்போது கைக்கே வேறுபாடு தெரியும். இரு முகவைகளில் நீரெடுத்து ஒன்றில் பளிங்கையும் மற்றதில் நீரற்ற தூளையும் இட்டுக் கலக்கினால் முதலாவது குளிர்கிறது, இரண்டாவது சூடேறுகிறது. நீரற்ற உப்பு நீரைப் பற்றிக்கொள்ளும்போது வெளிவிடும் வெப்பம், ஏற்கெனவே நீரைப் பற்றியிருக்கும் பளிங்குக்குக் கிடையாது. அதற்குச் சாலகத்தை, அதாவது பளிங்கின் உள் அடுக்கை, பிரிக்கும் செலவு மட்டுமே. மொத்த வெப்ப மாற்றம் வழியைப் பொறுத்ததல்ல என்னும் எசுவின் விதியைக் கற்பிக்க இதைவிட மலிவான செய்முறை எனக்குத் தெரியாது. ஒரு முன்னெச்சரிக்கை: தூளை நீருக்குள் சிறிது சிறிதாகக் கலக்கியபடி இடவேண்டும். தூளின்மேல் நீரை ஊற்றினால் கல்லாக இறுகி, கண்ணாடிக் கோலையும் பிடித்துக்கொள்ளும்.

இரசாயனப் பண்புகளில் முதன்மையானது காரத்தன்மை. காபனேற்று அயன் நீரிலிருந்து ஐதரசன் அயனை எடுத்து இருகாபனேற்றாக மாறுவதால் ஐதரொட்சைட்டு அயன் விடுபடுகிறது, லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள கரைசலின் பீஎச் பெறுமானம் 11.6 அளவில் இருக்கும். அப்பச்சோடாவின் (சோடியம் இருகாபனேற்று) கரைசலோ எட்டுக்குச் சற்று மேலேதான். பெயரில் சோடா இருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதிச் சலவைச் சோடாவைச் சமையலில் இடுவது ஆபத்தானது. கரைசல் கையில் வழுவழுப்பாக இருப்பது தோலின் எண்ணெய்ப் பசை சவர்க்காரமாக மாறத் தொடங்குவதால்தான். அலுமினியப் பானைக்கும் இது ஆகாது. மேற்பரப்பிலுள்ள ஒட்சைட்டுப் படலத்தைக் கரைத்து உலோகத்தைத் தாக்கி, ஐதரசன் குமிழிகளை எழுப்பிப் பானையைக் கறுப்பாக்கிவிடும்.

கடினநீரை மென்னீராக்கும் பண்பைக் காட்ட இந்த ஊரில் பொருள் தேடத் தேவையில்லை. டச்பே கடற்கரையில் ஒரு குவளை கடல்நீர் எடுத்து, அதில் சோடாக் கரைசல் ஒரு கரண்டி விட்டால் உடனே பால்போல் கலங்கும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் மகனீசியமும் 0.4 கிராம் கல்சியமும் உள்ளன; கல்சியம் காபனேற்றாகவும் மகனீசியத்தின் மூலக் காபனேற்றாகவும் அவை வீழ்படிவாகின்றன. கடல்நீரில் சவர்க்காரம் ஏன் நுரைக்காது என்ற பழைய கேள்விக்கும் அந்தக் குவளையே பதில் சொல்லும்.

அமிலத்துடன் நடப்பதை எல்லாரும் அறிவர், ஆனால் கூர்ந்து பார்ப்பவர் குறைவு. ஐதான கரைசலில் ஐதரோகுளோரிக்கமிலத்தைத் துளித்துளியாக விட்டுக் கலக்கினால் தொடக்கத்தில் குமிழியே வராது. முதற்பாதி அமிலம் காபனேற்றை இருகாபனேற்றாக்குவதில் செலவாகிறது. பினோத்தலீன் என்ற நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு மறைவது அந்த இடத்தில். அதற்குப் பின்னர்தான் காபனீரொட்சைட்டு எழுகிறது. மெதயில் செம்மஞ்சள் என்ற மற்ற நிறங்காட்டி நிறம் மாறும்போது முழு அளவு அமிலமும் போயிருக்கும்.

இப்போது நியமிப்புக்கு வருகிறேன். இதில் நான் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் ஒரு கச்சான் காலத்தில், லீற்றருக்கு 0.05 மூல் செறிவுள்ள கரைசல் 250 மில்லிலீற்றர் தயாரிக்கப் பத்து நீரேற்று 3.58 கிராம் என்று கணக்கிட்டு, பூத்துப்போன போத்தலிலிருந்து நிறுத்துக் கொடுத்தேன். அக்கரைசலில் 25 மில்லிலீற்றருக்கு, லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக்கமிலம் 25 மில்லிலீற்றர் செலவாகவேண்டும். மாணவர்கள் அளவியின் (அமிலத்தைத் துளித்துளியாக விடும் அளவுகுறித்த குழாயின்) ஐம்பது மில்லிலீற்றரையும் விட்டு முடித்தார்கள். மெதயில் செம்மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. அமிலம் ஐதாகிவிட்டது என்று அடித்துச் சொன்னேன். வீட்டுக்குப் போய்த்தான் கணக்குப் போட்டேன்: மூலர்த் திணிவு 124 உள்ள தூளில் 3.58 கிராம் எடுத்தால் செறிவு 0.115, அதற்கு 58 மில்லிலீற்றர் அமிலம் வேண்டும். அமிலம் சரியாகவே இருந்தது. மறுநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே பத்து நீரேற்றை, அது கடையிலிருந்து அன்று வந்ததாக இருந்தாலும், முதன்மை நியமமாக, அதாவது நிறுத்தே செறிவை உறுதிசெய்யும் பொருளாக, பயன்படுத்தாதீர்கள். அதன் நீரின் அளவுக்கு இந்தக் காலநிலையில் உத்தரவாதமில்லை. நியமத்துக்கு உரியது நீரற்ற உப்பு, அதே கரைசலுக்கு 1.325 கிராம் போதும். உங்களிடமுள்ள பூத்த தூளிலிருந்தே பரீட்சைப் பயிற்சிக்குப் போதிய தூய்மையில் அதைத் தயாரிக்கலாம்: தூளைப் புடக்குகையிலிட்டு, 270 பாகையளவில் ஒரு மணி நேரம் சூடாக்கி, டெசிக்கேற்றரில் (ஈரம் புகாத உலர்த்துகலத்தில்) ஆறவிட்டு நிறுத்து, திணிவு மாறாமல் நிற்கும்வரை மீண்டும் செய்யவேண்டும். இந்தச் சூட்டில் இன்னொரு மாசும் நீங்கும். ஈரமான சோடா காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி ஓரளவு இருகாபனேற்றாகியிருக்கும். சூடாக்கும்போது அது நீரையும் காபனீரொட்சைட்டையும் விட்டுக் காபனேற்றாகத் திரும்பிவிடும். பூக்காத பளிங்கை நேரே சுவாலையில் வைக்கவேண்டாம், தன் நீரிலேயே கொதித்து வெளியே தெறிக்கும்.

நீர் நிற்கும் போத்தலை நியமிப்புக்கு எடுக்கவேண்டாம். அதை இளஞ்சூட்டு நீரில் முழுவதுமாகக் கரைத்து, கண்ணாடிக் கருவிகள் கழுவவும் கற்றயன் (நேரேற்ற அயன்) சோதனைகளில் வீழ்படிவு பெறவும் வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன குளிர்சாதனப் பெட்டி முறையில் பளிங்காக்கவும் அதுவே ஏற்றது. இனி வாங்கும்போது நீரற்றதையே கேளுங்கள், 63 சதவீதம் தண்ணீருக்குப் பணம் கொடுப்பதும் மிச்சமாகும். பத்து நீரேற்று செய்முறைக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் சிறிய போத்தல்களில், மெழுகிட்ட மூடியுடன், அலுமாரியின் மிகக் கீழ்த்தட்டில், சுவர் வெயில் படாத பக்கத்தில் வையுங்கள். தளர்ந்த போத்தலின் பழைய பெயரை இன்றே வெட்டிவிட்டு "பூத்த சோடா, ஏறத்தாழ 124, நியமிப்புக்கு முன் சூடாக்கவும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்; அடுத்த ஆண்டு அந்த அறைக்கு வருபவர் வேறொருவராக இருக்கலாம்.